பெட்ரோலில் நனைந்த 25 நிமிடம்!
சாவை எதிர்த்துப் போராடிய பந்தய வீரரின் கதை

1966-ம் ஆண்டு ஜூன் 12-ந் தேதி. பெல்ஜியம் நாட்டில் ஸ்பா என்ற இடத்தில் மோட்டார் பந்தயம் நடந்தது.

முதல் சுற்றிலேயே திடீரென்று மழை கொட்டியது. மணிக்கு 165 மைல் வேகத்தில் வந்த ஒரு கார் வழுக்கியது. கம்பத்தில் மோதியது. ஒரு கொட்டகையையும் இடித்துக்கொண்டு, பண்ணை வீட்டுப் பக்கம் போய் விழுந்தது.

உள்ளே இருந்தவர் 27 வயது வாலிபர். முந்திய நாள்தான் அவருக்குப் பிறந்த நாள்! பெயர், ஜாக்கி ஸ்டூவர்ட்.

பெட்ரோல் டாங்கி உடைந்துவிட்டது. ஜாக்கியின் உடலெல்லாம் பெட்ரோல். ஸ்டியரிங் சக்கரம் காலை அழுத்திக்கொண்டது. அசைய முடியவில்லை. ஒரு தீப்பொறி பட்டிருந்தால் போதும், எல்லாம் முடிந்திருக்கும்!

காப்பாற்ற யார் வந்தார்கள்? டாக்டர் இல்லை. தீ அணைக்கும் படை இல்லை. அதே மழையில் சறுக்கி நின்ற கிரஹாம் ஹில், பாப் பாண்டுரண்ட் என்ற இரு வீரர்கள்தான் ஓடி வந்தார்கள். ஸ்டியரிங்கைக் கழற்ற அவர்களிடம் கருவி இல்லை. வேடிக்கை பார்க்க வந்த ஒருவரிடம் ஸ்பானர் இரவல் வாங்கினார்கள். ஜாக்கியை வெளியே எடுக்க 25 நிமிடம் ஆயிற்று.

துன்பம் அதோடு தீரவில்லை. முதல் உதவி நிலையத்தில், சிகரெட் துண்டுகள் கிடந்த தரையில் அவரைக் கிடத்தினார்கள். பிறகு ஆம்புலன்ஸ் வந்தது. அதுவும் வழி தவறியது!

ஜாக்கி பிழைத்தார். பிழைத்து எழுந்ததும் முதலில் ஒரு காரியம் செய்தார். தம் காரில், ஸ்டியரிங் பக்கத்தில் ஒரு ஸ்பானரை ஒட்டி வைத்துக்கொண்டார். "எனக்கு ஸ்பானர் இருக்கிறது. மற்றவர்களுக்கு?" என்ற கேள்விதான் அவர் வாழ்க்கையை மாற்றியது.

"மக்கு" என்ற மாணவர்

ஜாக்கி 1939-ல் ஸ்காட்லாந்தில் பிறந்தார். தந்தை மோட்டார் பட்டறை நடத்தினார்.

பள்ளிக்கூடம் ஜாக்கிக்கு நரகமாக இருந்தது. எழுத்துகள் கண்முன் குழம்பின. ஆசிரியர்கள் "மக்கு" என்றார்கள். படிப்பைப் பாதியில் விட்டு, தந்தையின் பட்டறையில் மெக்கானிக் வேலை கற்றார்.

அவருக்கு இருந்தது முட்டாள்தனம் அல்ல. எழுத்தைப் படிக்க முடியாமல் செய்யும் ஒரு குறைபாடு. அது 'டிஸ்லெக்சியா' என்று தெரிந்தபோது அவருக்கு வயது 41! அவருடைய மகனைச் சோதித்தபோதுதான் தந்தையின் குறையும் தெரிந்தது.

படிப்பு வராதவர் பந்தயத்தில் உலகத்தை வென்றார். 1969, 1971, 1973 ஆகிய மூன்று ஆண்டுகளில் உலக சாம்பியன். 99 பந்தயங்களில் 27 வெற்றி.

"கோழை" என்றார்கள்

அந்தக் காலத்தில் பந்தயப் பாதை ஓரத்தில் மரங்கள் இருந்தன. வீடுகள் இருந்தன. கம்பங்கள் இருந்தன. தடுப்பு வேலி இல்லை. பல கார்களில் இடுப்புப் பட்டைகூட இல்லை.

"வேலி போடுங்கள். டாக்டரை நிறுத்துங்கள். தீ அணைப்பவர்களை வையுங்கள். வீரர்கள் பட்டை கட்டட்டும்" என்று ஜாக்கி கேட்டார். பாதை முதலாளிகளுக்குக் கோபம் வந்தது. சில வீரர்களே கேலி செய்தார்கள். "கோழை" என்றார்கள்.

ஜாக்கி காரிலேயே பதில் சொன்னார். 1968-ல் ஜெர்மனியில் நூர்பர்க்ரிங் பந்தயம். மழை. எதிரே வருவது தெரியாத மூடுபனி. அவருக்கு மணிக்கட்டு எலும்பு முறிந்திருந்தது. ஆனாலும் நான்கு நிமிட வித்தியாசத்தில் ஜெயித்தார்! கோழை செய்கிற காரியமா அது?

1969-ல் ஸ்பா பந்தயத்துக்கு வர மாட்டோம் என்று வீரர்கள் மறுத்தார்கள். முன்னின்றவர் ஜாக்கி. பந்தயம் ரத்தாயிற்று. 1970-ல் நூர்பர்க்ரிங்குக்கும் அதே கதி. பந்தயம் வேறு ஊருக்குப் போயிற்று. அதன்பின் அங்கே பாதுகாப்பு வேலைகள் நடந்தன. 1971-ல் மீண்டும் பந்தயம் வைத்தார்கள். வென்றவர் யார்? ஜாக்கியேதான்!

மனைவியிடம் மறைத்த ரகசியம்

நண்பர்கள் ஒவ்வொருவராக மாண்டார்கள். 1968-ல் ஜிம் கிளார்க். 1970-ல் பியர்ஸ் கரேஜ், ஜோகன் ரிண்ட். ஒவ்வொரு சாவுச் சேதி வரும்போதும் ஜாக்கியின் மனைவி ஹெலன் நடுங்கினார்.

1973-ல், அந்த ஆண்டோடு ஓய்வு பெறுவது என்று ஜாக்கி முடிவு செய்தார். குழுவின் முதலாளி கென் டிரலிடம் சொன்னார். மனைவியிடம் சொல்லவில்லை. சொன்னால், "இன்னும் எத்தனை பந்தயம் பாக்கி?" என்று ஹெலன் நாள்தோறும் எண்ணித் தவிப்பாரே!

அமெரிக்காவில் நடக்கவிருந்தது கடைசிப் பந்தயம். அது அவருக்கு நூறாவது. அதற்கு முந்திய நாள் பயிற்சியின்போது, அவருடைய சீடர் போன்ற இளம் வீரர் பிரான்சுவா செவேர் தடுப்பு வேலியில் மோதி இறந்தார். ஜாக்கி அந்தப் பந்தயத்தில் கலந்துகொள்ளவில்லை. 99-ஓடு நிறுத்தினார்.

வீரர் முதலாளி ஆனார்

ஓய்வு பெற்றும் மோட்டார் பந்தயத்தை அவர் மறக்கவில்லை. மகன் பாலுடன் சேர்ந்து சொந்தக் குழு தொடங்கினார். 1997-ல் 'ஸ்டூவர்ட்' குழுவின் கார்கள் களத்தில் இறங்கின. அதே ஆண்டு மோனாக்கோவில் இரண்டாம் இடம் கிடைத்தது. 1999-ல் ஜானி ஹெர்பர்ட் அந்தக் குழுவுக்கு முதல் வெற்றியைத் தேடித் தந்தார். எங்கே தெரியுமா? அதே நூர்பர்க்ரிங்கில்! ஆனால் பழைய ஆபத்தான பாதையில் அல்ல. புதிதாக அமைத்த பாதையில்.

அந்த ஆண்டே குழுவை போர்டு கம்பெனி வாங்கியது. குழு 'ஜாகுவார்' ஆயிற்று. பிறகு கைமாறி, 2005-ல் 'ரெட்புல்' என்ற பெயரில் களம் இறங்கியது.

2001-ல் ஜாக்கிக்கு 'சர்' பட்டம் கிடைத்தது. பிற்காலத்தில் ஹெலனுக்கு நினைவை அழிக்கும் நோய் வந்தது. அந்த நோய்க்கு மருந்து தேடும் ஆராய்ச்சிக்காக ஜாக்கி ஓர் அறநிலையம் தொடங்கினார். கணவருக்காக நடுங்கிய மனைவிக்காக, கணவர் நடத்திய போராட்டம் அது!

இன்று பந்தயக் காரில் ஸ்டியரிங்கைக் கழற்ற ஸ்பானர் வேண்டாம். வீரர் தம் கையாலேயே கழற்றி, சில வினாடிகளில் வெளியே வர வேண்டும் என்பது விதி.

அன்று 25 நிமிடம். இன்று சில வினாடி!