மூளைக்குள் இறங்கும் வடிகுழாய்

மூளையின் நடுவே நான்கு சிறு அறைகள் உண்டு. அங்கே ஒரு நாளைக்கு ஏறத்தாழ 500 மில்லிலிட்டர் மூளைத் தண்டுவட நீர் சுரக்கிறது. ஆனால் ஒரு நேரத்தில் அறைகளிலும், மூளையையும் தண்டுவடத்தையும் சுற்றியும் மொத்தமாக இருப்பது சுமார் 150 மில்லிலிட்டர்தான். மிச்சமெல்லாம் குறுகிய வழிகளைக் கடந்து போய் ரத்தத்தில் கலந்துவிடும். வழி அடைபட்டாலும் சுரப்பது நிற்காது. ஆபத்து அங்கேதான்.

வழி அடைபட ஒரு காரணம் தமனி வெடிப்பு. மூளையின் அடியில் தமனிகள் வளையமாக இணைகின்றன. அவை கிளை பிரியும் இடங்களில் சுவர் மெலிந்து, பழைய சைக்கிள் டியூபைப் போலப் புடைத்துக்கொள்வதுண்டு. இதுவே அனியூரிசம். புகைப்பழக்கமும் உயர் ரத்த அழுத்தமும் இதை வளர்க்கும். புடைப்பு வெடித்தால் ரத்தம் மூளையைச் சுற்றிப் பரவும். சிலருக்கு அறைகளுக்குள்ளும் புகும். மூன்றாம், நான்காம் அறைகளுக்கு இடையிலுள்ள வழி ஓரிரு மில்லிமீட்டர் அகலமே. ஒரு சிறு ரத்தக்கட்டி போதும் அதை அடைக்க. நீர் தேங்கி அறைகள் வீங்கும், மூளை நசுங்கும், நோயாளி நினைவிழப்பார்.

இங்கே உயிர் காப்பது எளிய கருவி. முன்மண்டையில் சிறு துளையிட்டு, மெல்லிய குழாயை அறைக்குள் இறக்குகிறார்கள். மறுமுனை படுக்கையருகே தொங்கும் சேகரிப்புக் குப்பியில் முடிகிறது. நோயாளியின் காதுத்துளை மட்டமே சுழியம். அதற்கு மேல் குப்பி எவ்வளவு உயரமோ, அந்த அழுத்தத்தை மிஞ்சும் நீர் மட்டுமே வடியும். எனவே குழாயை மூடாமல் கட்டிலை ஏற்றி இறக்கக் கூடாது. வெடித்த தமனியை அடைக்கும் முன் நீர் வேகமாக வடிந்தால் மீண்டும் ரத்தம் கசியலாம். குழாய் வழியே கிருமி நுழையும் அபாயமும் உண்டு. செவிலியரின் இடைவிடாத கவனிப்பே இக்கருவியின் பாதி பலம்.

குழாய் அழுத்தத்தைக் குறைக்கும். ஆனால் புடைப்பைத் தனியே அடைக்க வேண்டும். 1937இல் அமெரிக்க அறுவை மருத்துவர் வால்டர் டாண்டி அதன் கழுத்தில் உலோகக் கிளிப் பொருத்தினார். இன்று தொடைத் தமனி வழியே மென்கம்பிச் சுருளை அனுப்பியும் அடைக்கிறார்கள். அடுத்து வரும் நாட்களில் தமனிகள் சுருங்கி மூளைக்கு ரத்தம் குறையாதிருக்க நிமோடிபின் மருந்து 21 நாள் தரப்படுகிறது. நீர் வழி திறக்காதவர்களுக்கு, உடலுக்குள்ளேயே நிரந்தரக் குழாய் வைக்கப்படும்.

நினைவிழந்தவரைப் பார்த்ததும் குடும்பம் நம்பிக்கை இழந்துவிடக் கூடாது. மயக்கத்துக்குத் தேங்கிய நீர் காரணமென்றால், அது வடிந்ததும் சிலர் கண் திறக்கிறார்கள். இதுவரை அறியாத கடுமையுடன், நொடியில் உச்சம் தொடும் தலைவலி வந்தால், அது புடைப்பு வெடித்ததன் அறிகுறியாக இருக்கலாம்; மாத்திரை போட்டுப் படுக்காதீர்கள். சி.டி. ஸ்கேன் வசதியுள்ள மருத்துவமனைக்கு உடனே போங்கள். மறுபடி வெடிக்கும் அபாயம் முதல் நாளில்தான் மிக அதிகம்.