சங்கிலி போட்டுக் கட்டிய கிட்டார்... 46 வருடம் கழித்துக் காட்டிக்கொடுத்த மச்சம்!

கச்சேரிக்காக ஊர் ஊராகச் சுற்றும்போது அந்த மனிதர் ஒரு விநோதமான காரியம் செய்வார். ஹோட்டல் அறையில் தன் கிட்டாரைக் கழிவறைக்குத் தூக்கிக்கொண்டு போவார். பழுதான வண்டிகளைக் கட்டி இழுக்கப் பயன்படும் கனமான சங்கிலி ஒன்றை இதற்காகவே வாங்கி வைத்திருந்தார். அந்தச் சங்கிலியால் கிட்டாரை டாய்லெட்டோடு சேர்த்துக் கட்டிப் பூட்டுவார். குழுவில் இருந்தவர்கள் பார்த்துச் சிரிப்பார்கள். திருட வருகிறவன் டாய்லெட்டையே பெயர்த்தால்தான் கிட்டார் கிடைக்கும் என்பது அவர் கணக்கு.

அவர் பெயர் ராண்டி பாக்மன். கனடாக்காரர். 'தி கெஸ் ஹூ', 'பாக்மன்-டர்னர் ஓவர்டிரைவ்' என்ற இரண்டு ராக் குழுக்களால் உலகம் அறிந்தவர். அந்தக் கிட்டார், 1957-ல் தயாரான கிரெட்ஷ் 6120. செட் அட்கின்ஸ் என்ற அமெரிக்கக் கிட்டார் மேதையின் பெயரில் வந்த மாடல். ஆரஞ்சு நிறம், வயலினில் இருப்பதுபோல இரண்டு வளைந்த துளைகள். வின்னிபெக் நகரத்துக் கடை ஒன்றின் கண்ணாடிக்குப் பின்னால் இருந்த இந்த மாடலை, பிற்பாடு பெரும் புகழ்பெற்ற நீல் யங்கோடு சேர்ந்து மணிக்கணக்கில் வேடிக்கை பார்த்திருக்கிறார் பாக்மன். புல் வெட்டி, கார் கழுவி, கிடைத்த சில்லறை வேலையெல்லாம் செய்து 400 டாலர் சேர்த்து, ஒருநாள் வாங்கியேவிட்டார். 'அமெரிக்கன் உமன்' உள்ளிட்ட தன் பெரிய வெற்றிப் பாடல்கள் இந்தக் கிட்டாரில் பிறந்தவை என்பார்.

1976-ல் டொரன்டோவில் ஒரு ஹோட்டலைக் காலி செய்யும் நேரத்தில் அது திருடுபோனது.

மனிதர் நாள்கணக்கில் அழுதிருக்கிறார். பிறகு தேட ஆரம்பித்தார். கிடைக்கவில்லை. அதே போல இன்னொன்று கிடைத்தால் மனசு ஆறும் என்று பழைய கிரெட்ஷ்களை வாங்கத் தொடங்கினார். ஒன்று, இரண்டு என்று ஆரம்பித்தது சுமார் 300-ல் போய் நின்றது. எதுவும் அதுவாகவில்லை.

பழைய எலெக்ட்ரிக் கிட்டார் சேகரிப்பவர்களைப் பற்றிப் பேசும்போது பலரும் முதலீடு, ஏலம், கோடி என்றுதான் ஆரம்பிப்பார்கள். எனக்கென்னவோ பாக்மனின் இந்த 300 கிட்டார்கள்தான் அந்தப் பைத்தியத்தைச் சரியாகச் சொல்கின்றன. 'அதுபோல' வேறு, 'அதுவே' வேறு. அதுவேதான் என்று எப்படி நிரூபிப்பது? இந்த உலகத்தின் மொத்தப் பதற்றமும் அந்தக் கேள்வியில்தான் இருக்கிறது.

விற்காமல்போன கிட்டார்தான் இன்று பொக்கிஷம்

பதற்றத்துக்குக் காரணம் விலை. அமெரிக்காவின் மிச்சிகன் மாகாணத்தில் கலமசூ என்று ஓர் ஊர். அங்கே இருந்த கிப்சன் தொழிற்சாலையில் 1958 முதல் 1960 வரை, சூரிய அஸ்தமன வண்ணம் தீட்டிய லெஸ் பால் கிட்டார்கள் தயாராயின. அப்போது அவை சரியாக விற்கவில்லை. கிப்சன் அந்த வடிவத்தையே கைவிட்டு, வேறு வடிவத்துக்குப் போய்விட்டது. பிறகு 1960-களின் நடுவில் எரிக் கிளாப்டன் போன்ற இங்கிலாந்து இளைஞர்கள் பழைய லெஸ் பாலை எடுத்து வாசிக்க, அந்தச் சத்தத்துக்கு உலகமே மயங்கியது. மொத்தமாக இருப்பவையே சில ஆயிரத்துக்குள்தான். இன்று நல்ல நிலையில் உள்ள 1959 லெஸ் பால் பல லட்சம் டாலர். கிளாப்டனின் அந்தக் கிட்டாரும் 1966-ல் திருடுபோனது. இன்றுவரை பொதுவெளிக்கு வரவில்லை.

இவ்வளவு காசு புழங்கும் இடத்தில் போலி வராமல் இருக்குமா?

பழைய புல்லட் வாங்கப் போகிறவரைக் கவனித்திருப்பீர்கள். பளபளப்பைப் பார்க்க மாட்டார். குனிந்து எஞ்சின் நம்பரையும் சேஸிஸ் நம்பரையும் ஆர்.சி. புத்தகத்தோடு ஒப்பிடுவார். கிட்டாரிலும் எல்லோரும் முதலில் தேடுவது நம்பரைத்தான். ஆனால், இங்கே நம்பரை நம்பி இறங்கினால் ஏமாற்றம்தான் மிச்சம். 1950-களின் லெஸ் பாலில் தலைப்பகுதியின் பின்னால் மையால் குத்திய எண் இருக்கும். முதல் இலக்கம் 9 என்றால் 1959. அச்சு செய்து மையைத் தொட்டுக் குத்த எவ்வளவு நேரமாகும்? கிரெட்ஷில் எண் இருப்பது கிட்டாருக்குள் ஒட்டிய காகித லேபிளில். ஃபெண்டரில் பின்பக்கம் நான்கு திருகுகளால் முடுக்கிய ஓர் உலோகத் தகட்டில். திருகைக் கழற்றினால் தகடு கையோடு வந்துவிடும்.

அந்தத் தகடுகளை வரிசைப்படி மாட்டினார்களா என்றால், அதுவும் இல்லை. 'பிங்க் ஃப்ளாய்ட்' டேவிட் கில்மோரிடம் 0001 என்ற எண் கொண்ட வெள்ளை ஸ்ட்ராடோகாஸ்டர் இருந்தது. 1954-ல் செய்தது. ஆனால், உலகின் முதல் ஸ்ட்ராடோகாஸ்டர் அதுவல்ல. அதற்கு முன்பே பல வெளியே போய்விட்டன. 2019-ல் நியூயார்க்கில் நடந்த கிறிஸ்டீஸ் ஏலத்தில் அது 18 லட்சம் டாலருக்கு மேல் போனது.

பூச்சுக்குக் கீழே இருக்கும் சாட்சிகள்

அனுபவசாலிகள் எனவே கிட்டாரைத் திறந்துதான் பேசுவார்கள். ஃபெண்டரின் கழுத்துப் பகுதியைக் கழற்றினால், அடியில் தொழிலாளி பென்சிலால் எழுதிய மாதமும் வருடமும் பெரும்பாலும் இருக்கும். உள்ளே சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் பாட் இருக்கிறதல்லவா, பழைய ரேடியோவில் இருப்பதேதான். அதன் முதுகில் ஒரு குறியீடு பொறித்திருப்பார்கள். 304 6320 என்றிருந்தால், 304 என்பது ஸ்டாக்போல் என்ற கம்பெனி, 63 வருடம், 20 அந்த வருடத்தின் இருபதாவது வாரம். கிட்டார் அதற்கு முன்பு தயாராகியிருக்க முடியாது என்பதை மட்டும்தான் இது சொல்லும். மொத்தமாக வாங்கிய பாட்களை வருடக்கணக்கில் வைத்துப் பயன்படுத்தியதும் உண்டு.

அடுத்து சால்டரிங். யாரும் கை வைக்காத பழைய ஈயப் பற்று ஒரு மாதிரி இருக்கும், நேற்று சூடுபட்டது வேறு மாதிரி இருக்கும். ஒரு முனையில் மட்டும் புது ஈயம் தெரிந்தால், ஏதோ ஒன்று மாறியிருக்கிறது என்று அர்த்தம். லெஸ் பாலில் பிக்-அப்பின் அடியில், 'காப்புரிமைக்கு விண்ணப்பித்துள்ளோம்' என்ற பொருளில் ஒரு சின்ன ஸ்டிக்கர் இருக்கும். சேத் லவர் என்ற பொறியாளர் உருவாக்கிய பிக்-அப் அது. இன்று அது ஒன்றே ஆயிரக்கணக்கான டாலர் பெறும். இதில் எனக்கு வருத்தமான சங்கதி ஒன்று உண்டு. உதிரிபாகங்களுக்கு இவ்வளவு விலை என்பதால், நல்ல பழைய கிட்டார்களையே பிரித்து விற்கிறார்கள். பிரித்தவை இன்னொரு கிட்டாருக்குள் போய், அதை 'அசல்' ஆக்குகின்றன. ஒவ்வொரு திருகும் 1959. கிட்டார் மட்டும் 1959 இல்லை!

பிறகு பூச்சு. அந்தக் காலத்துக் கிட்டார்கள் பெரும்பாலானவற்றுக்கு நைட்ரோசெல்லுலோஸ் என்ற வார்னிஷ் அடித்தார்கள். வருடம் ஆக ஆக அது மஞ்சள் தட்டும், மெல்லிய கோடுகளாக வெடிக்கும். இருட்டறையில் புற ஊதா விளக்கைக் காட்டினால், பழைய பூச்சு பச்சை கலந்த மஞ்சளாக மின்னும். இடையில் எங்காவது ஒட்டுப்போட்டிருந்தால் அந்த இடம் மட்டும் தனித்துத் தெரியும். லெஸ் பால் கீழே விழுந்தால் தலைப்பகுதி முறிவது சாதாரணம். ஒட்டிப் பூசி மறைத்ததை இந்த விளக்குதான் காட்டும். மறுபூச்சு ஏறிய கிட்டாருக்கு விலை பாதிக்குப் பாதி குறையும் என்பது வியாபாரிகளின் பொதுக் கணக்கு.

தேய்மானத்துக்கும் ஒரு நியாயம் உண்டு. வாசிப்பவரின் முழங்கை படும் இடம், பெல்ட் பக்கிள் உரசும் முதுகு, விரல் அதிகம் ஓடும் கட்டைகள் என்று, தேய வேண்டிய இடத்தில்தான் தேயும். பழசாக்கிக் காட்டியது எல்லாப் பக்கமும் சமமாகத் தேய்ந்திருக்கும்.

விதிகளையெல்லாம் சொன்னபின் விதிவிலக்கையும் சொல்லிவிட வேண்டும். அதே 2019 ஏலத்தில் கில்மோரின் கறுப்பு ஸ்ட்ராடோகாஸ்டரும் வந்தது. கழுத்து பலமுறை மாறியது, பிக்-அப் மாறியது, கறுப்பே அசல் நிறத்தின் மேல் அடித்த நிறம். சேகரிப்பாளரின் அளவுகோலில் தேறவே தேறாது. போன விலை 39.75 லட்சம் டாலர். வாசித்த கை யாருடையது என்று சந்தேகமில்லாமல் தெரிந்ததால் வந்த விலை அது.

உங்கள் வீட்டுப் பரணில் தாத்தாவோ மாமாவோ வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த கிட்டார் இருந்தால், ஒரு விண்ணப்பம். பாலிஷ் போடாதீர்கள், துருப்பிடித்த திருகை மாற்றாதீர்கள். பெட்டி, ரசீது எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள். முக்கியமாக, அதை அவர் வாசிக்கும் பழைய போட்டோவைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். வெளிநாட்டில் வாங்கி இங்கே கொண்டுவர நினைப்பவர்களும் கவனிக்க வேண்டும். பழைய கிட்டார்கள் பலவற்றில் விரல் கட்டை பிரேசில் ரோஸ்வுட். 1992 முதல் அந்த மரம் சர்வதேச வணிகத் தடைப் பட்டியலில் இருக்கிறது. உரிய அனுமதிச் சான்று இல்லாமல் எல்லை தாண்டினால் சிக்கல்.

மரத்தில் ஒரு புள்ளி

போட்டோவைப் பற்றி ஏன் அவ்வளவு அழுத்திச் சொன்னேன் என்றால், பாக்மனின் கிட்டார் கிடைத்ததே அதனால்தான்.

2020. கொரோனா முடக்கம். பாக்மனின் கதையைக் கேள்விப்பட்ட கனடா ரசிகர் ஒருவர், வீட்டிலிருந்தபடியே தேடலாமே என்று உட்கார்ந்தார். திருடுபோகும் முன் எடுத்த பழைய படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தார். கிட்டாரின் மரத்தில், வரிகளுக்கு நடுவே ஒரு சின்னக் கரும்புள்ளி. கிளை முளைத்த இடத்தில் மரம் விட்டுப்போன கணு. பள்ளிச் சான்றிதழில் 'அங்க அடையாளம்' என்று மச்சத்தை எழுதுவார்களே, அதே மாதிரி. எண்ணை மாற்றலாம், லேபிளைக் கிழிக்கலாம். மரத்தின் ரேகையை யாராலும் இன்னொரு மரத்தில் வரைய முடியாது. லெஸ் பால் சேகரிப்பாளர்களும் முகப்பு மரத்தின் தீநாக்கு போன்ற வரிகளை வைத்துத்தான் ஒவ்வொரு கிட்டாரையும் பழைய படங்களோடு பொருத்திப் பார்க்கிறார்கள்.

ரசிகர் இணையத்தில் கிடைத்த ஆரஞ்சு நிற கிரெட்ஷ் படங்களை ஒவ்வொன்றாக ஒப்பிட்டார். டோக்கியோவில் ஒரு பழைய கிட்டார் கடையின் பக்கத்தில் அந்தப் புள்ளி தென்பட்டது. கிட்டார் அங்கே இல்லை, விற்றுவிட்டிருந்தது. மேலும் தேடினார். 2019 டிசம்பரில் எடுத்த ஒரு யூடியூப் வீடியோவில், தகேஷி என்ற ஜப்பானிய இசைக்கலைஞரின் மடியில் இருந்தது!

பாக்மன் வீடியோ அழைப்பில் பேசினார். எதிர்முனையில் தகேஷி கிட்டாரைத் தூக்கிக் காட்டியதும் தெரிந்துவிட்டது. ஆனால், தகேஷி திருடன் அல்ல. 2014-ல் கடையில் காசு கொடுத்து வாங்கியவர். அதன் கதை எதுவும் அவருக்குத் தெரியாது. ஆறு வருடமாக அவருக்கும் அது உயிர். கொடுக்கச் சம்மதித்தார், அதற்கு ஈடான ஒன்று வேண்டும் என்றார். கேட்டது நியாயம்தானே?

மறுபடியும் தேடல். இம்முறை 1957 கிரெட்ஷ், அதே நிறம், எந்த மாற்றமும் பழுதும் இல்லாதது வேண்டும். கிடைத்ததுதான் ஆச்சர்யம். அதே வாரத்தில் தயாரானது, எண் இதன் எண்ணுக்குப் பக்கத்திலேயே இருந்தது. தொலைந்த கிட்டாரைக் கண்டுபிடிக்க உதவாத நம்பர், அதன் தங்கையை அடையாளம் காண உதவியது.

2022 ஜூலை 1, கனடா தினம். டோக்கியோவில் கனடா தூதரகம். 78 வயது பாக்மனிடம் தகேஷி அந்த ஆரஞ்சுக் கிட்டாரை நீட்டினார். தங்கைக் கிட்டாரை அவர் வாங்கிக்கொண்டார். பிறகு இருவரும் அங்கேயே சேர்ந்து வாசித்தார்கள்.