ரத்தப் புற்றுநோய் உள்ளவர்கள் வெளிநாடு போகலாமா? டிக்கெட் போடும் முன் இதைப் படிங்க!

கென்யாவில் வேலை பார்க்கும் மகன், அம்மாவை அங்கே அழைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அம்மாவுக்கு ரத்தப் புற்றுநோய். சிகிச்சையில் உடல் தேறிவிட்டது, பயணம் செய்யலாம் என்கிறார் டாக்டர். சிக்கல் வருவது தடுப்பூசியில்தான்.

கென்யா போன்ற நாடுகளிலிருந்து இந்தியா திரும்புகிறவர்கள் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழ் காட்ட வேண்டும். இல்லையென்றால் 6 நாள்கள் வரை தனிமைப்படுத்தப்படலாம். ஆனால், அந்த ஊசியில் இருப்பது வீரியம் குறைக்கப்பட்ட உயிருள்ள வைரஸ். எதிர்ப்பு சக்தி குறைந்தவர்களுக்கு அதுவே ஆபத்தாகலாம். தட்டம்மை, சின்னம்மை தடுப்பூசிகளும் இதே வகைதான்.

ஊசி கூடாது என்றால், டாக்டர் மருத்துவ விலக்குச் சான்று தரலாம். அதை ஏற்பார்களா என்று முன்பே விசாரியுங்கள். ஆனால், சான்று கையில் இருந்தாலும் கொசு கடித்தால் காய்ச்சல் வரலாம். அதனால், பயணத்தையே மாற்றச் சொன்னாலும் கேட்டுக்கொள்ளுங்கள்.

எவற்றைப் போடலாம்?

ஃப்ளூ, நிமோனியா, டைபாய்டு ஊசிகளில் உயிருள்ள கிருமி இல்லை. டாக்டர் சொன்னால் போடலாம். ஆனால், முழுப் பலன் கிடைக்காமல் போகலாம். குறிப்பாக, ரிட்டுக்ஸிமாப் மருந்து ஏற்றியவர்களுக்குச் சில மாதங்கள் தடுப்பூசி சரியாக வேலை செய்யாது. ஸ்டெம்செல் மாற்று சிகிச்சை செய்தவர்கள், சிறு வயதில் போட்ட ஊசிகளையே மறுபடி போட வேண்டியிருக்கும். எனவே, குறைந்தது 2 மாதங்களுக்கு முன்பே ரத்தவியல் டாக்டரைப் பாருங்கள். கூட வருபவர்களும் ஃப்ளூ ஊசி போட்டுக்கொள்வது நல்லது.

பெட்டியில் என்ன இருக்க வேண்டும்?

* மாத்திரைகளை அட்டையோடு கைப்பையில் வையுங்கள். கூடுதலாகச் சில நாள்களுக்கும் எடுத்துக்கொள்ளுங்கள்.
* நோய், மருந்துகள் பற்றிய டாக்டர் கடிதம், கடைசி ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்.
* தெர்மாமீட்டர், கொசு விரட்டும் கிரீம்.
* மலேரியா உள்ள ஊர் என்றால், அதற்கான மாத்திரையை டாக்டரிடம் கேட்டே வாங்குங்கள். மற்ற மருந்துகளோடு அது ஒத்துப்போக வேண்டும்.

வெட்டி வைத்த பழம், பச்சைக் காய்கறி சாலட், ஐஸ் வேண்டாம். சூடாகச் சமைத்ததைச் சாப்பிடுங்கள். நீண்ட விமானப் பயணத்தில் அவ்வப்போது எழுந்து நடங்கள். மைலோமாவுக்கு லெனலிடோமைடு சாப்பிடுபவர்களுக்கு ரத்தம் உறையும் ஆபத்து அதிகம்.

100.4 டிகிரி காய்ச்சலா?

பாராசிட்டமால் போட்டுக்கொண்டு படுத்துவிடாதீர்கள். வெள்ளை அணுக்கள் குறைந்தவர்களுக்குத் தொற்று சில மணி நேரத்திலேயே உயிருக்கு ஆபத்தாகலாம். உடனே மருத்துவமனைக்குப் போய், 'எனக்கு ரத்தப் புற்றுநோய்' என்று முதலிலேயே சொல்லுங்கள். தங்கும் இடத்துக்கு அருகில் உள்ள பெரிய மருத்துவமனை எது என்பதைக் கிளம்பும் முன்பே குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.