பெயர் கொடுப்பவர் வேறு, பேச்சைத் தடுப்பவர் வேறு

2016 செப்டம்பர் 12 அன்று காவிரிப் பிரச்சினையில் பெங்களூரு பற்றி எரிந்தபோது, 16 காவல் நிலைய எல்லைகளில் ஊரடங்கு போடப்பட்டது. அதில் பீன்யாவும் ஒன்று. லேத் பட்டறைகளும் முலாம் பூசும் கூடங்களும் நிறைந்த அந்தத் தொழிற்பேட்டையில் தமிழ்த் தொழிலாளர்கள் ஏராளம். அருகிலுள்ள ஹெக்கனஹள்ளியில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் ஒருவர் இறந்தார். கலவரத்துக்கு முன்பே, பேஸ்புக் பதிவுக்காக பெங்களூருவில் ஒரு தமிழ் இளைஞரை அடிக்கும் வீடியோவும், ராமேஸ்வரத்தில் கர்நாடகக்காரர் ஒருவர் தாக்கப்படும் வீடியோவும் வாட்ஸ்அப்பில் வேகமாகப் பரவியிருந்தன.

அதே மாதம் 30-ஆம் தேதியோடு, இணையப் பெயர்களையும் எண்களையும் பகிர்ந்தளிக்கும் ஐகேன் அமைப்பின் மீது அமெரிக்க அரசுக்கு இருந்த ஒப்பந்தப் பிடி முடிவுக்கு வந்தது. 1998-இல் கலிபோர்னியாவில் தொடங்கிய லாப நோக்கற்ற அமைப்பு அது. வாட்ஸ்அப்பில் பரவிய அந்த வீடியோக்களைப் பற்றி அது எதுவும் செய்திருக்க முடியாது. பத்திரப் பதிவு அலுவலகம் வீட்டுக்குள் நடக்கும் சண்டையை விசாரிக்காதல்லவா?

இந்த விலகல் 2022-இல் கடுமையாகச் சோதிக்கப்பட்டது. ரஷ்யப் படையெடுப்பு தொடங்கிய சில நாட்களில், ரஷ்யாவின் '.ரு' முகவரியை ரத்து செய்யும்படி உக்ரைன் துணைப் பிரதமர் மிகைலோ ஃபெடோரோவ் ஐகேனுக்கு எழுதினார். தலைமைச் செயல் அதிகாரி யோரன் மார்பி மறுத்தார். ஐரோப்பாவில் ஐபி எண்களை வழங்கும் ரைப் என்சிசி அமைப்பும் மறுத்தது. உக்ரைனின் கோபம் நியாயமானது. ஆனாலும் மறுப்பே சரி என்பேன். ஒரு நாட்டுக்காக இந்தப் பொத்தானை ஒருமுறை அழுத்திவிட்டால், அடுத்து யார் கேட்டாலும் முடியாது என்று சொல்ல ஐகேனுக்கு வாயிருக்காது. அதற்காக அதைப் புனிதமாக்கவும் வேண்டாம். இன்றும் கலிபோர்னியா சட்டத்துக்குக் கட்டுப்பட்ட அமைப்புதான் அது.

இந்தியாவில் '.இன்', '.பாரத்', தமிழில் '.இந்தியா' ஆகிய முகவரிகளைப் பராமரிப்பது 2003-இல் தொடங்கப்பட்ட நிக்ஸி. இதுவும் லாப நோக்கற்ற நிறுவனமே, ஆனால் மத்திய மின்னணு, தகவல் தொழில்நுட்ப அமைச்சகத்தின் கீழ் இயங்குகிறது. அரசிடமிருந்து ஐகேனுக்கு இருக்கும் தூரம் இதற்கு இல்லை.

சமூக ஊடகப் பதிவை நீக்கும் அதிகாரம் இந்த அமைப்புகளிடம் இல்லை. அது தகவல் தொழில்நுட்பச் சட்டத்திலிருந்து வருகிறது. 69ஏ பிரிவின்படி தடை விதிக்கக் காரணம் எழுத வேண்டும், குழு கூடிப் பரிசீலிக்க வேண்டும். 79(3)(பி) பிரிவு வேறு வழி: அரசு அறிவித்ததும் நீக்காத நிறுவனம் சட்டப் பாதுகாப்பை இழக்கும். இந்த இரண்டாவது வழியை எளிதாக்கவே 2024-இல் 'சஹ்யோக்' தளம் வந்தது. அதை எதிர்த்து எக்ஸ் நிறுவனம் கர்நாடக உயர் நீதிமன்றத்துக்குப் போனது. 2025 செப்டம்பர் 24-இல் நீதிபதி எம். நாகபிரசன்னா மனுவைத் தள்ளுபடி செய்தார். இதே நீதிமன்றம் 2023-இல், அப்போது ட்விட்டர் என்றிருந்த நிறுவனத்துக்கு 50 லட்சம் ரூபாய் அபராதம் விதித்திருந்தது.

கட்டுப்பாடே கூடாது என்று பீன்யாவில் வாடகை வீட்டில் இருக்கும் தொழிலாளியிடம் சொல்ல முடியாது. வதந்தி அவர் வேலையைப் பறிக்கும், சில நேரம் உயிரையும் வாங்கும். 2012 ஆகஸ்ட்டில் வடகிழக்கு மாநிலத்தவர் ஆயிரக்கணக்கில் பெங்களூருவை விட்டு ரயிலேறியதற்கும் வதந்திதான் காரணம். ஆகவே கேள்வி, அரசு தலையிடலாமா என்பதல்ல. ஆணையிடுபவரைக் கேள்வி கேட்பவர் யார் என்பது.

எக்ஸ் தோற்ற பிறகு மத்திய அரசே விதியைச் சற்று இறுக்கியது. 2025 நவம்பர் 15 முதல் பொதுவாக அரசில் இணைச் செயலர் நிலைக்கும் காவல் துறையில் டிஐஜி நிலைக்கும் குறையாதவர்களே நீக்க ஆணையை அனுப்பலாம். அந்த ஆணைகளை மாதம்தோறும் மறுபார்வை செய்வதும் செயலர் நிலையில் உள்ள இன்னொரு அரசு அதிகாரிதான்.