கதிர்காம யாத்திரையும் அதன் வழியும்

வழி கூறுதலையே ஓர் இலக்கிய வகையாக வளர்த்தவர் தமிழர். முன்னர்ச் சென்று பயன் பெற்ற ஒருவர், இனிச் செல்லவிருக்கும் ஒருவரை எதிர்ப்பட்டு, செல்லும் நெறியையும் இடையே தங்கும் ஊர்களையும் இறுதியிற் பெறும் பேற்றையும் எடுத்துரைப்பது ஆற்றுப்படை எனப்படும். பத்துப்பாட்டின் முதற்கண் வைக்கப்பெற்ற திருமுருகாற்றுப்படை, அடியவரை முருகனிடத்து ஆற்றுப்படுத்தும் நூலாகும். ஏட்டிற் பயிலப்படும் இம்மரபு ஈழத்தில் இன்றும் வழக்கில் உள்ளது. யாழ்ப்பாணக் குடாநாட்டின் வடகரையில், தொண்டைமானாற்றங்கரையில் விளங்கும் செல்வச்சந்நிதியிலிருந்து, இலங்கையின் தென்கிழக்கிலுள்ள கதிர்காமம் வரை அடியவர் கால்நடையாகச் செல்லும் யாத்திரையே அது. ஏறக்குறைய 800 கிலோமீற்றர் நீளும் இவ்வழியை நடந்து முடிக்க ஐம்பது நாள்கள் வரையிலோ அதற்கு மேலோ ஆகும்.

உலகிற் புகழ்பெற்ற பழைய வழிகள் பெரும்பாலும் அரசர் அமைத்தவை. தென்னமெரிக்காவின் அந்தீசு மலைத்தொடரில் இன்கா மன்னர் அமைத்த வீதிகள் இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. குஸ்கோ நகரை நடுவாகக் கொண்டு, இன்றைய கொலம்பியா முதல் சிலி, ஆர்ஜென்ரீனா ஈறாக ஆறு நாடுகளிற் பரந்த அவ்வீதிகளின் மொத்த நீளம் 30,000 கிலோமீற்றர் அளவினது. மலைச்சரிவுகளிற் படிகள் வெட்டியும், கல் பாவியும், ஆறுகளின் மேற் கயிற்றுப் பாலங்கள் தொடுத்தும் அவை ஆக்கப்பட்டன. 1532ஆம் ஆண்டில் இஸ்பானியர் புகுந்து இன்கா அரசை வீழ்த்தினர். அரசு அழிந்தும் கற்படிகள் அழியவில்லை. 2014ஆம் ஆண்டில் யுனெஸ்கோ நிறுவனம் அவ்வீதித் தொகுதியை உலக மரபுச் செல்வங்களுள் ஒன்றாகச் சேர்த்தது. இன்று சிறு குழுக்களாக வழிகாட்டியுடன் மச்சு பிச்சு நோக்கி நடப்போர் அக்கற்களின் மீதே நடக்கின்றனர்.

கதிர்காம வழியில் இத்தகைய கல் ஒன்றேனும் இல்லை. கடற்கரை மணலும், வயல் வரம்பும், காட்டு ஒற்றையடிப் பாதையும், இக்காலத்துத் தார் வீதியுமே மாறிமாறி வருகின்றன. மாரி மழையில் மணல் வழி கரையும். ஓராண்டு எவரும் நடவாதொழியின் காட்டுவழியைப் புதர் மூடும். எங்கே நன்னீர் ஊறும், எந்த ஆற்றை எவ்விடத்திற் கடக்கலாம், எவ்வூரில் யார் இடங்கொடுப்பர் என்பவற்றை முன்பு நடந்தவரே பின்பு நடப்பவர்க்குச் சொல்லி வந்தனர். ஆகவே இவ்வழியின் நிலைபேறு நடப்போரின் நினைவையே பற்றி நிற்கின்றது. இதனை உணர்ந்தாலன்றி இந்த யாத்திரையின் அமைப்பும், அதற்கு நேர்ந்த இடர்களும் விளங்கா.

வழியின் இரு முனைகளும் வழிபாட்டு முறையால் ஒன்றற்கொன்று உறவுடையன. செல்வச்சந்நிதியிற் பூசகர் வாயைத் துணியாற் கட்டி மௌனமாகப் பூசை புரிவர். ஆலிலைகளில் அமுது படைப்பர். மருதர் கதிர்காமர் என்னும் அடியவர் கதிர்காமத்தோடு கொண்ட தொடர்பால் அக்கோயில் எழுந்தது என்பது ஐதிகம். கதிர்காமத்திலும் கப்புறாளை எனப்படும் பூசகர் வாய்கட்டியே பூசை செய்வர். அங்கே கருவறையில் திருவுருவம் காட்டப்படுவதில்லை. தீட்டிய திரை ஒன்றே தொங்கும். விழாக் காலத்தில் மூடிய பேழையுள் யந்திரம் யானைமீது உலாப் போகும். ஆகம விதிப்படி அமைந்த பெருங்கோயில்களுக்கு மாறாக, மந்திரமின்றி அன்பொன்றே கொண்டு புரியும் இவ்வழிபாடு மிகப் பழைய மலைநில வழிபாட்டின் எச்சம் எனக் கருதத்தக்கது.

யாத்திரை சித்திரை, வைகாசி மாதங்களில் தொடங்கும். குடாநாட்டைக் கடந்ததும் முல்லைத்தீவில் வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயில் முதன்மையான தங்கலாகும். அங்கே வைகாசிப் பொங்கல் பெருவிழா. பின்னர்த் திருகோணமலையிற் கோணேசர் தரிசனம். மகாவலியின் கிளையாகிய வெருகலாற்றின் கரையிற் சித்திரவேலாயுதர் கோயில் உளது. வாகரைப் பகுதியிற் கரையோர வேடர் வாழ்கின்றனர். தமிழ் பேசும் இம்மக்களும் யாத்திரையில் இணைவதுண்டு. மட்டக்களப்பில் அமிர்தகழி மாமாங்கேசுவரர், கொக்கட்டிச்சோலைத் தான்தோன்றீசுவரர், சின்னக் கதிர்காமம் எனப் போற்றப்படும் மண்டூர் ஆகிய தலங்களை வணங்கி, திருக்கோவிலையும் பொத்துவிலையும் கடந்து உகந்தையை அடைவர். கடலோரப் பாறைக்குன்றும், அதன்மேற் சுனைகளும் உடைய உகந்தைக்கு அப்பால் ஊரில்லை.

நடப்போர் பெருங்கூட்டமாகப் புறப்படுவது பழைய வழக்கமன்று. பத்துப் பேரோ இருபது பேரோ சேர்ந்த சிறு குழுவே அளவாகக் கொள்ளப்பட்டது. பன்முறை நடந்த மூத்தவர் ஒருவர் தலைவராவார். வேல் முன்னே செல்லும். ஏனையோர் அதன் பின்னே செல்வர். குழுவினர் ஒருவரையொருவர் ‘சாமி’ என்றே அழைப்பர். ஊரிலிருந்த பெயரும் பதவியும் குலமும் அங்கே பேசப்படுவதில்லை. விடியுமுன் எழுந்து நடத்தல், வெயில் ஏறியதும் குளக்கரையிலோ கோயிலிலோ தங்குதல், ஒருவேளை சமைத்தல், மாலையிற் பசனை பாடுதல் என்பன நாளொழுங்கு. உடைமையாவது மாற்றுடை ஒன்றிரண்டும், பாயும், பாத்திரமும், திருநீற்றுப் பையுமே. வழியூரார் சோறும் மோரும் அளிப்பர். அவ்வாறு அளித்தலை அவர் தாமும் யாத்திரையிற் பங்கெடுத்தலாகவே எண்ணுவர்.

குழு சிறிதாயிருத்தற்குக் காரணங்கள் உண்டு. ஊர்க் கிணறு ஒன்று இருபது பேருக்கு நீர் தரும். இருநூறு பேருக்குத் தாராது. ஏழை வீடொன்று பத்துப் பேருக்கு உலையேற்றும். நோயுற்றவரைத் தலைவர் அறிவார். பின்தங்கியவருக்காகக் குழு காத்து நிற்கும். எல்லாவற்றினும் மேலாக, புதிதாய் வந்தவர் மூத்தவரின் அருகே நடந்து வழியைக் கற்க இயலும். இவ்வாறு கற்றவரே சில ஆண்டுகளின் பின் வேறொரு குழுவுக்குத் தலைவராவர். ஆற்றுப்படைப் புலவர் பாட்டிற் செய்ததை இவர் பழக்கத்திற் செய்தனர்.

இக்கல்வியின் பயன் காட்டிலே தெரியவரும். உகந்தையிலிருந்து குமுக்கனாற்றைக் கடந்து, நாவலடி, வியாழை, கட்டகாமம் முதலிய தங்குமிடங்கள் வழியே கதிர்காமத்தை அடைய நான்கைந்து நாள் செல்லும். இன்று குமண, யால தேசியப் பூங்காக்களாகப் பேணப்படும் இக்காட்டில் யானையும் கரடியும் சிறுத்தையும் உலாவும். கடையில்லை, மடமில்லை. உகந்தையிலேயே அரிசியும் பருப்பும் சுமந்து புறப்பட வேண்டும். ஆறு வற்றிய காலத்தில் மணலைத் தோண்டி ஊற்று நீர் எடுத்தலும், அந்திக்கு முன் தீ மூட்டி அதனைச் சூழ்ந்து தங்குதலும் மூத்தோர் கற்பித்தவையாம். ‘அரோகரா’ என்னும் ஒலி பத்தியின் வெளிப்பாடாவதோடு, முன்னும் பின்னும் நடப்போர்க்குத் தாம் இருக்குமிடத்தை அறிவிக்கும் குறியுமாகும்.

காட்டைக் கடந்து மாணிக்க கங்கையில் நீராடியதும் கதிர்மலை கண்ணுக்குத் தோன்றும். குறிஞ்சித் தெய்வம் வேடர் மகளாகிய வள்ளியைக் கண்டு மணந்த இடம் இதுவே என்பது ஈழத்தார் நம்பிக்கை. அருணகிரிநாதர் திருப்புகழிலும் கதிர்காமத் தலத்துக்குரிய பாடல்கள் உள. சிங்கள பௌத்தர் இத்தெய்வத்தைக் கதரகம தெய்யோ எனப் போற்றுவர்; கிரி விகாரையும் முஸ்லிம் பள்ளிவாசலும் அருகருகே அமைந்துள்ளன. அந்தீசு மலைவாழ் மக்களும் இன்றுவரை மலைச்சிகரங்களைத் தெய்வங்களாகப் போற்றிக் காணிக்கை வைக்கின்றனர் என்பது ஒப்புநோக்கத்தக்கது. ஆட்சியும் சமயமும் மாறினும் மலையைத் தொழும் நெஞ்சம் மாறாது போலும்.

இவ்வழி இடையூறின்றி வந்ததன்று. கதிர்காமத்துக்கு வெறுங்காலுடன் நடந்து சென்ற தம் பாட்டியாரைப் பற்றிச் சேர் பொன்னம்பலம் அருணாசலம் எழுதியுள்ளார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் வாந்திபேதி பரவியமையால் ஆங்கில அரசினர் யாத்திரீகருக்குக் கட்டுப்பாடுகள் விதித்தனர். 1905ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்திற் பணி தொடங்கி, 1908 முதல் 1911 வரை அம்பாந்தோட்டையில் உதவி அரசாங்க அதிபராயிருந்த லெனாட் வுல்ஃப் இவ்விழாவை மேற்பார்வை செய்தவர். அவர் 1913இல் வெளியிட்ட நாவலிலும் இத்தகைய யாத்திரை ஒன்று இடம்பெறுகின்றது. யாழ்ப்பாணத்து யோகர் சுவாமிகளும் கதிர்காமத்துக்கு நடந்து சென்றவரே. பின்னர் மோட்டார் வீதி வந்தது. ஐம்பது நாள் வழி ஒருநாட் பயணமாகச் சுருங்கியது. நடப்போர் தொகை அருகியது.

அதனினும் பெரிய இடையூறு போர். 1983இல் போர் மூண்டபின் யாழ்ப்பாணத்திலிருந்து நடந்து செல்லும் மரபு அறுபட்டது. நடத்திச் சென்ற முதியோர் ஒருவர்பின் ஒருவராக மறைந்தனர். ஜெர்மன் சுவாமி என யாழ்ப்பாணத்தார் அழைத்த கௌரிபாலர் செல்வச்சந்நிதியில் ஆச்சிரமம் அமைத்து வாழ்ந்தவர். அவரோடு தொடர்புடைய பற்றிக் ஹரிகன் என்னும் அமெரிக்கர் 1972இலேயே இவ்வழி நடந்திருந்தார். அவரும் அடியார் சிலரும் 1988இற் கிழக்குக் கரையில் யாத்திரையைப் புதுப்பித்தனர். 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலை அக்கரையையே சிதைத்தது. 2009இற் போர் முடிந்தபின் செல்வச்சந்நிதியிலிருந்து முழு வழியும் நடக்கும் வழக்கம் மீண்டும் உயிர்பெற்றது. வழியறிந்த சிலர் எஞ்சியிராவிடின் இது கைகூடியிராது.

இன்று எழுந்துள்ள சிக்கல் வேறு. உகந்தைக் காட்டு வாயில் திறக்கப்படும் சில நாள்களிற் பல்லாயிரவர் உட்புகுகின்றனர். தண்ணீர் வண்டியும் அன்னதானப் பந்தலும் அவர்க்கு உதவுகின்றன. ஆயின் பிளாத்திக்குப் போத்தல்களும் பைகளும் வனத்திற் குவிகின்றன. பெருந்திரளிற் செல்பவர் முன்னே செல்பவர் முதுகையன்றி வழியைக் காண்பதில்லை. இன்கா வழியில் ஒருநாளைக்குச் சுமைதூக்குவோர் உட்பட 500 பேர் மட்டுமே புக அரசு இடந்தருகின்றது. திருத்த வேலைக்காக ஒவ்வோர் ஆண்டும் பெப்ரவரியில் அதனை மூடிவைக்கின்றது. அங்கே சட்டம் செய்யும் காவலை இங்கே சிறுகுழு வழக்கம் தானே செய்து வந்தது.

அந்தீசில் வேறொரு காட்சியும் உண்டு. அபுரிமாக் ஆற்றின்மேற் புல்லாற் திரித்த கயிற்றுப் பாலம் ஒன்றுளது. நான்கு ஊர் மக்கள் ஆண்டுதோறும் யூன் மாதத்திற் கூடிப் பழையதை அறுத்து ஆற்றில் விட்டு, புதியதை இன்கா முறைப்படியே கட்டுவர். 2013இல் யுனெஸ்கோ போற்றியது அப்புல்லையன்று. அதனைத் திரிக்கும் அறிவையே. கதிர்காம வழியும் அத்தகையது. அது பொருட்காட்சிச்சாலையில் வைத்துக் காக்கத்தக்க பொருளன்று. முதியவர் ஒருவரும் இளையவர் ஒருவரும் அடுத்தடுத்து நடக்குந்தோறும் புதிதாக ஆக்கப்படுவது. பேருந்திற் சென்று ஒரே நாளிற் கதிர்காமம் கண்டு மீளும் மாணவர், ஒருமுறையேனும் அறிந்தவர் ஒருவருடன் சிறு குழுவாக இவ்வழியின் ஒரு பகுதியையாவது நடந்து பார்ப்பாராயின், ஆற்றுப்படை என்னும் சொல்லின் பொருள் உரையாசிரியர் உதவியின்றியே விளங்கும். வழியும் இன்னொரு தலைமுறைக்கு நிலைக்கும்.