செற்றியில் படுப்பவரும் வீடற்றவரே

எல்லிங்ஸ்ருட்டில் இருந்து விடியற்காலை முதல் ரயிலில் வேலைக்குப் போகிறவர்களுக்கு யேர்ன்பானெதோர்கெ நிலையத்து வாசல் நன்றாகத் தெரியும். கடதாசிக் கோப்பை ஒன்றை முன்னால் வைத்துக்கொண்டு, போர்வையால் போர்த்தபடி யாராவது குந்தியிருப்பார்கள். 2010 இல் நான் இந்த நாட்டுக்கு வந்த புதிதில் அதைக் கண்டு திகைத்துப்போனேன். எண்ணெய் விற்றுச் செழித்த நோர்வேயிலும் இப்படியா? என்னோடு வந்த எம்மவர் ஒருவர் சொன்னார்: "உதுகளைப் பாக்காதை தம்பி. குடிச்சுச் சீரழிஞ்சதுகள். இஞ்சை எல்லாம் அரசாங்கம் பாக்கும்."

புதிதாக வந்து குடியேறியிருக்கும் உங்களுக்கும் யாராவது இதைச் சொல்லியிருப்பார்கள். நானும் பல வருடங்கள் இதை நம்பி நடந்தவன்தான். ஒருநாள் என் மூத்த மகள் "அப்பா, அவர் ஏன் நிலத்தில இருக்கிறார்?" என்று கேட்டபோது, அவளின் கையைப் பிடித்து விரைவாக இழுத்துக்கொண்டு போனேன்.

அரசாங்கம் பார்க்கிறது என்பது முழுப் பொய்யல்ல. இந்த நாட்டில் வீடற்றவர்களைக் கணக்கெடுக்கிறார்கள். 1996 இல் எடுத்த முதற் கணக்கில் சுமார் 6,200 பேர் இருந்தார்கள். 2012 இலும் ஏறக்குறைய அதே தொகைதான். பிறகு 2016 இல் சுமார் 3,900 ஆகவும், 2020 இல் 3,325 ஆகவும் குறைந்தது. கொமூனைகள் வீடு தேடிக் கொடுப்பதில் கூடுதலாக முயன்றதால் வந்த பலன் இது. ஆனால் என்னைத் தூக்கிவாரிப்போட்டது அந்தத் தொகையல்ல. யாரை 'வீடற்றவர்' என்று எண்ணுகிறார்கள் என்பதுதான்.

தெருவில் படுப்பவர்கள் அந்தக் கணக்கில் ஒரு சிறு பகுதியே. சொந்தமாகவோ வாடகைக்கோ இடமில்லாமல், நண்பர் வீட்டிலும் உறவினர் வீட்டிலும் தற்காலிகமாகத் தங்கியிருப்பவர்களையும் இவர்கள் வீடற்றவர் என்றே எழுதுகிறார்கள். அப்படிப் பார்த்தால் எமது வீட்டுச் செற்றிகளில் எத்தனை பேர் படுத்தெழும்பியிருக்கிறார்கள்! நானே முதல் ஆறு மாதம் ஒரு சித்தப்பா முறையானவரின் செற்றியில்தான் கிடந்தேன். அதற்கு இந்த நாட்டில் ஒரு பெயர் இருக்கிறது என்பது எனக்குத் தெரியாது.

இனி நான் சொல்லப்போவது எனக்குப் பெருமை தராத விடயம்.

சில வருடங்களுக்கு முன் எங்கள் ஊர்த் தம்பி ஒருவர் என் வீட்டுக்கு வந்தார். நிரந்தர வதிவிட அனுமதி உள்ளவர். துப்புரவு வேலை செய்தவர். குடும்பம் பிரிந்துவிட்டது. ஒரு பையோடு வெளியில் வந்தவர் வெளியில் சொல்ல வெட்கப்பட்டு, ஒவ்வொரு வீடாக "அண்ணை, ரெண்டு நாளைக்கு" என்று கேட்டுப் படுத்திருக்கிறார். எங்களுடையது இரண்டு அறை வீடு, நாங்கள் நான்கு பேர். மூன்று கிழமை போனது. மனைவி ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் முகம் சொல்லியது. எனக்கும் காலைவேலைக்கு எழும்பி இருட்டில் அவரைக் கடந்து குசினிக்குப் போவது எரிச்சலாக இருந்தது. "மாமி வாறா தம்பி" என்று ஒரு பொய் சொன்னேன். அவர் உடனே போர்வையை மடித்து வைத்துவிட்டுப் போய்விட்டார்.

அது கார்த்திகை மாதம். தை மாதம், கடுங்குளிரில், விடிய ஐந்தேகால் மணிக்கு ஒஸ்லோ மத்திய ரயில் நிலையத்தில் அதே பையோடு அவரைக் கண்டேன். "வேலைக்கு நேரத்தோட வந்திட்டன் அண்ணை" என்றார். இரவு எங்கே படுத்தாய் என்று நான் கேட்கவில்லை. கேட்கத் துணிவு வரவில்லை.

அன்று முழுக்க பெக்டரியில் நின்றபடி 1995 ஐ நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த ஐப்பசி 30 ஆம் திகதி இரவு வலிகாமமே எழும்பி நாவற்குழிப் பாலத்தால் தென்மராட்சிக்கு நடந்தது. எனக்கு அப்போது ஏழு வயது. பள்ளிக்கூடங்களும் கோயில்களும் நிறைந்து வழிந்தன. சாவகச்சேரியில் முன்பின் தெரியாத ஒரு அம்மாவின் விறாந்தையில் எங்களோடு சேர்த்து ஐந்து குடும்பம். கிணற்றில் தண்ணீர் அடிமட்டத்துக்குப் போனது, கக்கூசு ஒன்றுதான். அந்த அம்மா சண்டை பிடித்திருக்கிறா, ஏசியிருக்கிறா. ஆனால் "எப்ப போவியள்?" என்று ஒருநாளும் கேட்கவில்லை. பிறகு 2009 இல் செட்டிகுளம் மெனிக் பாம் முகாமில் தறப்பாளுக்குக் கீழே கிடந்தபோதும் எனக்கு அந்த விறாந்தைதான் ஞாபகம் வந்தது.

எமது முன்னோர் இதை ஒரு கடமையாகச் செய்தார்கள். பருத்தித்துறைத் தெருமூடிமடத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். தெருவுக்கு மேலேயே கூரை போட்டு, வழிப்போக்கன் படுப்பதற்குத் திண்ணை கட்டியிருக்கிறார்கள். படுப்பவன் யார், குடிக்கிறவனா, என்ன சாதி என்று திண்ணை கேட்காது. (மனிதர் கேட்டிருப்பார்கள், அது வேறு கதை.)

ஆனால் ஒஸ்லோவில் விறாந்தை மட்டும் காணாது என்பதையும் அந்தத் தம்பியோடு அலைந்த பிறகு அறிந்தேன். இரக்கப்பட்டு எம் செற்றியிலேயே ஒருவரை மாதக்கணக்கில் வைத்திருந்தால், அவருக்குச் சட்டம் தரும் இடத்தை அவர் கேட்காமலே விட்டுவிடுவார். தானாக இடம் தேடிக்கொள்ள முடியாதவருக்குத் தற்காலிகத் தங்குமிடம் பார்த்துக் கொடுக்கும் கடமை கொமூனைக்கு உண்டு. நாவ் அலுவலகம் நடத்தும் சமூக சேவைச் சட்டத்தின் 27 ஆவது பிரிவு இது. பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தின நானே இலக்கத்தை மனப்பாடம் செய்து வைத்திருக்கிறேன், நீங்களும் செய்யுங்கள். "இன்று இரவு படுக்க இடமில்லை" என்று நேராகச் சொல்ல வேண்டும். எமது ஆட்கள் மானத்துக்குப் பயந்து "கொஞ்சம் கஷ்டம்" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்துவிடுகிறார்கள். பதிலை எழுத்தில் கேளுங்கள். 'வேட்டாக்' என்ற அந்தக் கடிதம் கையில் இருந்தால், பிடிக்காவிட்டால் மூன்று கிழமைக்குள் மேன்முறையீடு செய்யலாம். மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள், பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போகாதீர்கள். 2022 இல் நடைமுறைக்கு வந்த சட்டம் பிள்ளைகளை மொழிபெயர்க்க வைப்பதைத் தடுத்திருக்கிறது. அது நல்லதுதான், தாய் தகப்பனுக்குப் படுக்க இடமில்லை என்று எட்டு வயதுப் பிள்ளை ஏன் சொல்ல வேண்டும்?

நான் செய்தது கூடப்போய்ப் பக்கத்தில் இருந்தது மட்டுமே. ஒரு நாள் லீவு. அவருக்கு இடம் கிடைத்தது.

நோர்வேக்காரருக்கு உதவுவது எப்படி என்று கேட்பவர்களுக்கும் வழி உண்டு. கோப்பையில் பத்துக் குரோணர் போடுவது பாவமல்ல. பிச்சை எடுப்பதற்கிருந்த பழைய தடையையே 2006 இல் நீக்கிவிட்டார்கள். 2005 முதல் 'அர் லீக் ஒஸ்லோ' என்ற சஞ்சிகையைத் தெருவில் விற்கிறார்கள். அரைவிலைக்கு வாங்கி விற்று மிச்சத்தைத் தாமே வைத்துக்கொள்வார்கள். அவர்களிடம் வாங்குங்கள், மொழியும் படிக்கலாம். இரட்சணிய சேனை 1888 இல் இருந்தும், நகரப் பணிச் சபை 1855 இல் இருந்தும் இங்கே இந்த வேலையைச் செய்கின்றன. உடுப்புக் கொடுப்பதானால் முதலில் தொலைபேசியில் கேட்டுவிட்டுக் கொடுங்கள். எமது பகுதியில் ஒருவர் சாமத்தியவீட்டுச் சட்டைகளைப் பை பையாகக் கட்டிக்கொண்டுபோய் ஆண்கள் தங்கும் இடத்தில் கொடுத்துவிட்டு, தருமம் செய்ததாகச் சொல்லித் திரிந்தார். அவர்களுக்குத் தேவையானது மொத்தக் காலுறையும் சப்பாத்தும்.

எம்மவருக்கு வீடு கிடைப்பதில் பெரிய தடை முற்பணம். பெரும்பாலும் மூன்று மாத வாடகை கேட்பார்கள். சட்டப்படி அது ஆறு மாத வாடகைக்கு மேற்படக்கூடாது. அதை வாடகைக்கு இருப்பவரின் பெயரில் தனிக் கணக்கில்தான் வைக்க வேண்டும். கையில் காசாக வாங்குவதும், ஒப்பந்தம் எழுதாமல் நிலக்கீழ் அறையை வாடகைக்கு விடுவதும் எம்மவர் சிலர் எம்மவருக்கே செய்யும் வேலை. கோயிலில் அன்னதானத்துக்கு முன்னுக்கு நிற்பவர்களே அதையும் செய்யும்போது எனக்குக் கோபம் வரும். வருமானம் குறைந்தவர்கள் வாடகை உதவிப்பணத்துக்கு ஒவ்வொரு மாதமும் 25 ஆம் திகதிக்குள் ஹூஸ்பாங்கனுக்கு விண்ணப்பிக்கலாம். முற்பணத்துக்கு நாவ் உத்தரவாதம் கொடுப்பதுமுண்டு, ஆனால் சில வீட்டுக்காரர் அந்தக் கடிதத்தைக் கண்டதும் வீடு இல்லை என்றுவிடுவார்கள்.

அதனால் எல்லிங்ஸ்ருட்டில் நாங்கள் ஏழு குடும்பம் ஒரு சீட்டுப் போட்டோம். ஊரில் கட்டின அதே சீட்டுத்தான், ஆனால் ஏலமும் இல்லை, கழிவும் இல்லை. மாதம் ஆளுக்கு 500 குரோணர். முற்பணத்துக்கு அந்தரப்படுபவருக்கு வட்டியில்லாமல் கொடுப்போம், முடிந்தபோது திருப்பித் தர வேண்டும். தொடங்கும்போது இரண்டு குடும்பம் "குடிகாரருக்குக் குடுக்கிறதெண்டால் நாங்கள் இல்லை" என்று விலகிவிட்டார்கள். வற்புறுத்தவில்லை. இதுவரை மூன்று பேருக்குக் கொடுத்திருக்கிறோம். முதல் ஆள் அந்தத் தம்பிதான். இப்போது பூருசெத்தில் ஒரு சிறு அறையில் இருக்கிறார், முழுவதையும் தந்து முடித்துவிட்டார். இரண்டாமவர் மாதாமாதம் தருகிறார். மூன்றாமவர் 4,000 குரோணரோடு நிறுத்திவிட்டார். கேட்பதா விடுவதா என்று இரண்டு கூட்டம் கூடியும் நாங்கள் இன்னும் முடிவெடுக்கவில்லை.