மாதத்துக்கு எவ்வளவு? கார் பேட்டரிக் கணக்கு

காலையில் செல்ஃப் எடுக்கவில்லை என்றதும் எல்லோரும் கடையில் கேட்பது விலையைத்தான். வண்டி எவ்வளவு மின்சாரம் கேட்கிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

ஸ்டார்ட்டர் மோட்டார் 200 ஆம்பியர் இழுத்து 3 விநாடியில் எஞ்சினைக் கிளப்புவதாகக் கொள்வோம். செலவு 0.17 ஆம்பியர்-மணி (ஏஎச்). சிறிய பெட்ரோல் காரின் 35 ஏஎச் பேட்டரியில் இது அரை சதவீதம். அதே காரில் 5 வாட் பார்க்கிங் பல்பு நான்கை அணைக்க மறந்தால், 10 மணி நேரத்தில் ஏறக்குறைய 17 ஏஎச், பாதிப் பேட்டரி, காலி. சாதாரண ஈய-அமில பேட்டரியைக் கொல்வது இதுதான். நொடிப்பொழுதில் பெரிய மின்னோட்டம் தருவதற்கென்றே அதன் பிளேட்டுகளை மெல்லியதாகச் செய்கிறார்கள். அடிவரை இறங்கினால் அவை தாங்காது. மீட்டரில் 12.6 வோல்ட் என்றால் முழுச் சார்ஜ், 12.2 என்றால் பாதி.

சிக்னலில் எஞ்சின் தானாக நின்று கிளம்பும் வண்டிகளின் கதை வேறு. நிற்கும்போதெல்லாம் விளக்கும் ஃபேனும் பேட்டரியில்தான் ஓடுகின்றன. அவற்றுக்கு மேம்படுத்திய ஈய-அமில வகைகளான இஎஃப்பி அல்லது ஏஜிஎம் கட்டாயம். ஏஜிஎம்மில் கண்ணாடி இழைப் பாய் அமிலத்தை உறிஞ்சி வைத்திருக்கும். தண்ணீர் ஊற்றும் வேலை இல்லை, விலைதான் கூடுதல். தானாக நின்று கிளம்பும் வசதியே இல்லாத காருக்கு ஏஜிஎம் வாங்குவது வீண் செலவு என்பேன். வெப்பம் 10 டிகிரி கூடினால் ஈய பேட்டரியின் ஆயுள் ஏறத்தாழ பாதியாகும். பானட்டுக்குள் கொதிக்கும் சூட்டுக்கு ஏஜிஎம்மும் தப்பாது.

இனி வாரண்டி. கணக்குக்காக இரண்டு பேட்டரி: 4,000 ரூபாய்க்கு 36 மாதம், 5,000 ரூபாய்க்கு 55 மாதம். முன்னதில் இலவசமாக மாற்றித் தருவது முதல் 18 மாதம், பின்னதில் 30. மீதி மாதங்களுக்கு விலையில் கழிவு மட்டும். இலவச மாதத்துக்கு வகுத்தால் 222 ரூபாய், 167 ரூபாய். ஆயிரம் ரூபாய் கூடக் கொடுத்தவருக்கே லாபம். வாரண்டி கார்டில் இலவச மாதம் எத்தனை என்று கேட்டு வாங்குங்கள்.

லித்தியம்? 35 ஏஎச் என்பது 420 வாட்-ஹவர். ஈயத்தில் அதற்கு 10 கிலோவுக்கு மேல் வேண்டும். லித்தியம் இரும்பு பாஸ்பேட் செல்லில் 4 கிலோ போதும். விலைதான் இன்னும் எட்டவில்லை.

பழைய பேட்டரியின் எடையில் பாதிக்கு மேல் ஈயம். திறந்த வெளியில் உருக்குகிறவரிடம் அது போனால் முதலில் பாதிக்கப்படுவது அக்கம்பக்கத்துக் குழந்தைகள். 2022-ம் ஆண்டின் பேட்டரிக் கழிவு விதிகள் திரும்பப் பெறும் பொறுப்பைத் தயாரிப்பாளர்மீது வைத்திருக்கின்றன. ஆகவே கடையிலேயே எக்ஸ்சேஞ்சில் கொடுத்து, கழித்த தொகையைப் பில்லில் எழுதி வாங்குங்கள்.